ஆணியில் தொங்கிய கேபிள்

கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். அதைவிட மோசமான இன்னொரு குணமும் உண்டு. நான் எழுதிய புரோகிராமைப் பற்றி யாராவது குறை சொன்னால், தப்பு சொல்பவரிடம்தான் இருக்கும் என்று முதலில் தோன்றிவிடும். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இந்தப் புத்தி போகவில்லை. முழுக்கப் போகவில்லை என்று சொல்ல வேண்டும். கம்பம்மெட்டில் ஒரு மத்தியானத்தில் பாதி போயிற்று. போக வைத்தவருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கேரள எல்லைக்குள் இருக்கும் கஞ்சிக்கோட்டில் எங்களுடையது சின்னக் கம்பெனி. சூட்டை அளந்து கட்டுப்படுத்துகிற கருவிகள் செய்கிறோம், பேக்கரி அடுப்புக்கு, ரப்பர் புகைக்கூடத்துக்கு, ஏலக்காய் டிரையருக்கு. கருவி செய்வது கீழ்த்தளத்தில். அதற்குள் ஓடுகிற புரோகிராமை எழுதுவது மாடியில், நான் ஒருத்தி. கொல்லங்கோட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து காலையில் பஸ் பிடித்து வந்து, மாடியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவேன். கருவிகள் போய்ச் சேருகிற இடங்களை நான் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

கம்பத்துக்கு மேலே, கேரளப் பக்கத்து மலையில், கம்பம்மெட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டம். பறித்த பச்சைக்காயைத் தட்டுகளில் பரப்பிச் சூடான காற்றில் உலர்த்துகிற கட்டடத்துக்கு அங்கே ஸ்டோர் என்று பெயர். காய் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க உள்ளே இருக்கும். சூடு ஐம்பத்தைந்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் பச்சை நிறம் போய் மஞ்சளாகப் பழுத்துவிடும், ஒரு லோடே வீணாகும். அதனால் எங்கள் கருவி நிமிடத்துக்கு ஒருமுறை சூட்டை அளக்கும், மிஞ்சினால் மணி அடிக்கும், அளந்ததை ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மேனேஜரின் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அப்படி இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ள நாங்கள் திறந்து வைக்கிற வழிக்கு சாக்கெட் என்று பெயர். இந்த முனையில் போட்டது அந்த முனையில் போய் விழும். அவ்வளவு தெரிந்தால் போதும்.

ஸ்டோரில் இருந்த பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர் மலை ஈரத்தில் செத்துப்போனது. அதற்குப் பதிலாக உள்ளங்கை அகலத்தில், லினக்ஸில் ஓடும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் போர்டை வைப்பது என்று முடிவாயிற்று. பழைய புரோகிராமை லினக்ஸில் ஓட வைப்பது என் வேலை. பெரிய வேலையாக எனக்குத் தெரியவில்லை. சாக்கெட்டைத் திறக்கும் முன் விண்டோஸுக்கு ஒரு வணக்கம் வைக்க வேண்டும், லினக்ஸுக்கு வேண்டாம். மூடுகிற கட்டளைக்கு அங்கே ஒரு பெயர், இங்கே ஒரு பெயர். என்ன பிழை நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்கிற இடம் இரண்டிலும் வேறு. ஒவ்வொன்றாகத் தேடி மாற்றினேன். நான்கு நாளில் ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் கம்பைல் ஆனது, அதாவது கம்ப்யூட்டர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஒரு வாரம் என் மேஜையிலேயே ஓடவிட்டேன், ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அந்த வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. கீழ்த்தளத்துக்குப் போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

கருவியை ஸ்டோரில் மாட்டியது புரட்டாசியில். ஐப்பசி பிறந்ததும் மேனேஜரிடமிருந்து போன் வந்தது. காலையில் நன்றாக ஓடுகிறதாம். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் என்றைக்காவது ஒருநாள் இல்லை, முக்கால்வாசி நாள் நின்றுவிடுகிறதாம். பிறகு ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கழித்துத் தானாக ஓடுகிறதாம். அவருக்கு ஒரு சந்தேகம். ஸ்டோரில் வேலை பார்க்கிற பெண், சாப்பிட்டதும் சற்றுக் கண்ணயர்வதற்காகக் கருவியை அணைத்துவிடுகிறாரோ? ஆபீஸிலிருந்து யாரோ பார்த்துக்கொண்டே இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லையோ? கருவி தானாக நின்றதா, ஆள் நிறுத்தியதா, எழுத்தில் கொடுங்கள் என்றார்.

கருவி எழுதி வைத்திருந்த குறிப்பை வரவழைத்துப் பார்த்தேன். புரோகிராமில் தப்பு என்றால் கடைசி வரியில் ஏதாவது பிழை பதிவாகியிருக்கும், அப்படித்தான் நான் எழுதியிருந்தேன். ஒரு பிழையும் இல்லை. 2.25க்கு ஓர் அளவு, அத்தோடு குறிப்பு நின்றுவிட்டது. அப்புறம் 3.40க்குப் புதிதாக மின்சாரம் போட்டு ஆரம்பித்த அடையாளம். எல்லா நாளும் இதே கதை. எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. யாரோ அணைத்திருக்கிறார்கள், பிறகு போட்டிருக்கிறார்கள். "புரோகிராமில் குறை எதுவும் இல்லை. கருவி ஆளால் நிறுத்தப்பட்டு, ஆளால் மீண்டும் இயக்கப்படுகிறது" என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே என் முழுப்பெயரைப் போட்டு அனுப்பினேன். எழுதி முடித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

பத்து நாள் கழித்து எங்கள் முதலாளி மாடிக்கு ஏறி வந்தார். "ஏனுங் மேடம், அந்த ஏலக்காத் தோட்டத்துக்காரரு மறுக்காவும் கூப்புடறாருங்க. இப்ப மத்தியானம் நின்னா, அடுத்த நா காத்தால வரைக்கும் ஓடறதே இல்லீங்களாமா. நேர்ல ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வந்துருங்க."

"அங்க இருக்கற ஆளப் பாக்கணுங்க, மிஷினப் பாத்து என்னாகுதுங்க?" என்று வெடித்தேன்.

"ரெண்டையும் பாத்துட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அவரிடம் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை, எதிர்த்துப் பேச மாட்டார், நின்றும் கேட்க மாட்டார்.

பொள்ளாச்சி, பழனி, தேனி என்று பஸ் மாறி மாறிக் கம்பத்தில் போய்த் தங்கினேன். காலையில் ஜீப்பில் மலை ஏறினேன். கேரளத்தில் கிளம்பித் தமிழ்நாட்டைக் குறுக்கே கடந்து மறுபடியும் கேரளத்துக்குள் நுழைந்தபோது இடுப்பு கழன்றுவிட்டது. இத்தனைக்கும் காரணம் யாரோ ஒருத்தியின் மத்தியானத் தூக்கம் என்று வழியெல்லாம் கறுவிக்கொண்டே போனேன்.

ஸ்டோரில் இருந்த பெண் என்னைவிட மூன்று நான்கு வயது இளையவராக இருப்பார். வலது காலைச் சற்று இழுத்து நடந்தார். என் பெயரையும் எங்கிருந்து வருகிறேன் என்பதையும் சொன்னேன். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். "வாங்க மேடம், ரொம்ப தூரத்துலருந்து வந்திருக்கீக. மொதல்ல டீ குடிங்க," என்று அங்கே இருந்த ஒரே ஸ்டூலை எனக்கு இழுத்துப் போட்டார். ஏலக்காய் தட்டிப் போட்ட, பால் விடாத கட்டன் டீ. சர்க்கரை போதுமா என்று வேறு கேட்டார். சண்டைக்குத் தயாராகப் போனவளுக்கு அது பெரிய இடைஞ்சலாக இருந்தது.

டீ குடிக்கும்போதே விஷயத்தைச் சொன்னார். கஞ்சிக்கோட்டிலிருந்து ஒரு லெட்டர் வந்ததாம். மிஷினில் குற்றமில்லை, ஆள்தான் நிறுத்துகிறது என்று அதில் எழுதியிருந்ததாம். மேனேஜர் படித்துக் காட்டியிருக்கிறார். "அதோட மிஷினத் தொடவே கூடாதுன்னுட்டாரு. முன்னெல்லாம் நின்னுச்சுன்னா நான் ஆஃப் பண்ணிப் போட்டு விடுவேன், ஓடும். இப்ப தொடுறதில்ல. காலைல ஆபீஸ்லருந்து ஆளு வந்துதேன் போட்டு விடுறாக. வர்ற திங்கக்கெழமையிலருந்து என்னையக் காட்டுல காயெடுக்கப் போகச் சொல்லிட்டாரு."

சொல்லிவிட்டு முழங்காலைத் தடவினார். இரண்டு வருடம் முன்னால் சரிவில் வழுக்கி விழுந்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். ஏலக்காய் செடியின் அடியில் தரையை ஒட்டிக் காய்க்கும். நாள் முழுக்கக் குத்தவைத்துத்தான் எடுக்க வேண்டும். அவரால் குத்தவைக்க முடியாது என்பதால்தான் ஸ்டோர் வேலையே கொடுத்திருந்தார்கள். காட்டுக்குப் போகச் சொல்வதும் வீட்டுக்குப் போகச் சொல்வதும் அவருக்கு ஒன்றுதான்.

அந்த லெட்டர் நான் எழுதியது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். டீ நன்றாக இருக்கிறது என்றேன்.

டிரையரின் தகரக் கதவில் சாக்பீஸால் வரிசையாக ஏதோ எழுதியிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். முந்தின நாள் மத்தியானம் 2.30, 52. மூன்று மணி, 51. 3.30, 54, பக்கத்தில் 'விறகு கொறச்சாச்சு'. அரைமணிக்கு ஒருமுறை, சாயங்காலம் அடுத்த ஆள் வரும்வரை. கருவியின் முந்தின நாள் குறிப்பைக் கம்பத்திலேயே பார்த்துவிட்டு வந்திருந்தேன்; அது நின்ற நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடத்தில் இவருடைய எழுத்து ஆரம்பித்திருந்தது.

"பெட்டில பச்ச லைட்டு அணைஞ்சா மணி அடிக்காதுன்னு தெரியும்ல. அதான் நின்னு பாத்துக்கிருவேன்," என்றார். டிரையரில் பதித்திருந்த வெப்பமானி அவர் தலைக்கு மேலே உயரத்தில் இருந்தது. அதைப் பார்க்க எழுந்து நிற்க வேண்டும், நெருப்புப் பக்கமும் நடக்க வேண்டும். ஒரு மாதமாக மத்தியானங்களில் அந்தக் காலோடு நின்றிருக்கிறார், ஒரு லோடும் பழுக்கவில்லை.

"இத மேனேஜர்கிட்டக் காட்டலீங்களா?"

"சாரு உள்ள வரமாட்டாரு. சூடு. லோடு எறக்குனதும் அழிச்சிருவேன், அடுத்த லோடுக்கு எடம் வேணும்ல."

லேப்டாப்பை ஒரு சாக்கு மூட்டையின் மேல் வைத்துக் கருவியோடு இணைத்துக்கொண்டு, இரண்டு மணிக்காகக் காத்திருந்தேன்.

இரண்டு மணி ஆகுமுன்பே மேற்கே கறுத்தது. முதல் இடி தூரத்தில் எங்கோ உருண்டது. தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த அவர், திரும்பிக்கூடப் பார்க்காமல் கருவியருகே வந்து, ஆபீஸுக்குப் போகும் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டிவிட்டு, மறுபடியும் தட்டைத் துடைக்கப் போனார்.

"ஏனுங்க! எதுக்குங்க அதப் புடுங்கறீங்க?"

"இடி வெட்டுதுல்ல," என்றார், நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டது போல. ஆபீஸிலிருந்து கேபிள் ஒரு கிலோமீட்டர் தூரம் கம்பம் கம்பமாக வெட்டவெளியில் வருகிறது. ஒரு வருடம் மின்னல் அது வழியாக இறங்கி ஆபீஸ் டிவியையும் போனையும் சேர்த்துப் பொசுக்கியிருக்கிறது. அதிலிருந்து இடி கேட்டால் அந்த மலையில் எல்லோரும் எல்லா ஒயரையும் பிடுங்கிவிடுவார்கள். மிஷினைத் தொடக்கூடாது என்ற மேனேஜர் ஒயரைத் தொடக்கூடாது என்று சொல்லவில்லையாம். பழைய கம்ப்யூட்டர் இருந்த காலத்திலும் தினமும் பிடுங்கினாராம். அது ஒன்றும் ஆகவில்லை, திரும்பச் செருகினால் விட்ட இடத்திலிருந்து ஓடுமாம். கரண்டு ஒயரை அவர் தொடுவதில்லை, அதற்கு இடிதாங்கிப் பெட்டி தனியாக இருந்தது.

கொல்லங்கோட்டில் எங்கள் வீட்டில் இடி கேட்டதும் ஓடிப்போய் டிவி ஒயரைப் பிடுங்குவது நான்தான். என் பிள்ளைகள் அதைச் சொல்லி என்னைக் கேலி செய்வார்கள். இருந்தும், ஐப்பசி மத்தியானத்தில் மலைமேல் ஒரு கேபிள் என்னவாகும் என்று கஞ்சிக்கோட்டு மாடியில் எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. என் மேஜையில் அது ஒரு வாரம் நிற்காமல் ஓடியதற்குக் காரணம், அந்த ஒரு வாரமும் யாரும் கேபிளைத் தொடவில்லை என்பதுதான்.

ஆனால் புரோகிராம் உடனே சாகவில்லை. பச்சை லைட் சிமிட்டிக்கொண்டே இருந்தது. கேபிளைப் பிடுங்கியதும் விண்டோஸ் அந்த நொடியே வழி போய்விட்டது என்று சொல்லிவிடும். லினக்ஸ் சொல்லாது. நாம் கொடுப்பதை வாங்கி வைத்துக்கொண்டு, போய்ச் சேருமா சேருமா என்று முயன்றுகொண்டே இருக்கும். எவ்வளவு நேரம் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அவர் ஒரு கவிழ்த்த தட்டின் மேல் காலை நீட்டி உட்கார்ந்தார், நான் ஸ்டூலில். மழை கொட்ட ஆரம்பித்தது. இருவரும் அந்தப் பச்சை லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனபோது அணைந்தது.

"பாத்தீகளா," என்றார்.

என் திரையில் ஒரு வரியும் புதிதாக வரவில்லை. எப்படிச் செத்தது என்று லினக்ஸைக் கேட்டேன். 141 என்ற எண்ணைக் கொடுத்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. மூடிப்போன சாக்கெட்டில் எழுதினால் விண்டோஸ் 'முடியாது' என்று பதில் மட்டும் தரும். லினக்ஸோ எழுதிய புரோகிராமையே அந்த இடத்தில் கொன்றுவிடும், ஒரு வார்த்தை சொல்ல விடாது. வேண்டாம் என்று முன்கூட்டியே அதனிடம் சொல்லி வைக்க வேண்டும். இதை நான் படித்திருக்கிறேன், பிறருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். சொல்லி வைக்க மறந்தது நான்.

புரோகிராமில் அந்த இடத்தைத் திறந்து பார்த்தேன். பல வருடம் முன்னால் நானே எழுதிய வரிகள். ஒருமுறை அனுப்பத் தவறினால் பிழை என்று பதிய வேண்டாம், அதே சாக்கெட்டில் இன்னொரு முறை அனுப்பிப் பார், அதுவும் தவறினால் மட்டும் பதிந்துகொள் என்று இருந்தது. அந்த இரண்டாவது முறையில்தான் லினக்ஸ் அதைக் கொன்றிருக்கிறது, பதிவதற்குள். குறிப்பில் பிழை இல்லாததற்கும் அதுதான் காரணம். ஒரு தவறுக்காக மிஷினைக் குற்றம் சொல்லக்கூடாது என்று நான் அத்தனை அக்கறையாக எழுதி வைத்திருக்கிறேன். இந்தப் பெண்ணை ஒருமுறைகூடக் கேட்காமல் குற்றம் சொல்லிவிட்டேன்.

சாக்கு மூட்டை மேலேயே திருத்தினேன். கொல்ல வேண்டாம் என்று ஒரு வரி. முதல் பிழையையே பதிந்து, சாக்கெட்டை மூடிப் புதிதாகத் திறக்கச் சில வரிகள். கால் மணி நேரப் பொறுமையை ஒரு நிமிடமாகக் குறைத்தேன். கேபிள் இல்லாத நேரத்து அளவுகளைச் சேர்த்து வைத்து, வந்ததும் அனுப்பச் சொன்னேன். பச்சை லைட் எரிந்தது. ஒரு நிமிடம் போயிற்று, ஐந்து நிமிடம் போயிற்று. கேபிள் ஆணியிலேயே தொங்கியது, லைட் அணையவில்லை. இடி ஓய்ந்ததும் அவரே கேபிளைச் செருகினார். சேர்த்து வைத்த அளவுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன.

அதற்கு மேல் தள்ளிப்போட எனக்குச் சாக்கு இல்லை. "ஏனுங்க, அந்த லெட்டர எழுதுனது நாந்தானுங்க," என்றேன்.

"தெரியும்," என்றார். "சாரு படிக்கையில கீழ பேரயும் சேத்துத்தான் படிச்சாரு. காலைல வந்து நீங்க பேரச் சொன்னீகள்ல."

"அப்பறம் ஏனுங்க ஒரு வார்த்த கேக்கல? நானா இருந்தா டீய மூஞ்சில ஊத்தியிருப்பனுங்க."

சிரித்துவிட்டார். "கேட்டா உங்களுக்குக் கோவம் வரும். கோவிச்சுக்கிட்டு எறங்கிப் போயிட்டீகன்னா மிஷின யாரு பாக்குறது? திங்கக்கெழமைக்கு நாளு இல்ல அக்கா."

அக்கா என்று அப்போதுதான் முதல்முறையாகக் கூப்பிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. என்னைவிட என்னை நன்றாகப் புரிந்து வைத்திருந்தார், அதுவும் ஒரு லெட்டரை வைத்து. வந்ததும் அவர் ஒரு வார்த்தை சூடாகக் கேட்டிருந்தால் நான் நிச்சயம் அப்படித்தான் செய்திருப்பேன். கருவியை ஒரு முறை அணைத்துப் போட்டுவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஜீப்பில் இறங்கியிருப்பேன்.

அங்கேயே ஒரு தாளை வாங்கிக் கையால் எழுதினேன். "கருவியை நிறுத்தியது ஆள் அல்ல. நான் எழுதிய புரோகிராமில் இருந்த தவறு. என் முந்தைய கடிதம் தவறானது. கேபிளை எடுத்தது சரியான செயல்; கருவி நின்ற நேரங்களில் காயைக் காப்பாற்றியவரும் இவரே." இந்த முறை தமிழிலும் எழுதினேன், அவரும் படிக்க வேண்டும் என்று. இருவருமாக மழைத் தூறலில் மெதுவாக நடந்து ஆபீஸுக்குப் போனோம். கதவில் எழுதியிருந்ததை என் போனில் படம் பிடித்து வைத்திருந்தேன், அதையும் காட்டினேன். மேனேஜர் கடிதத்தை இரண்டு முறை படித்தார், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "ஆயிக்கோட்டே," என்றார், மலையாளத்தில், ஆகட்டும் என்று. பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, திங்கட்கிழமை ஸ்டோருக்கே வந்தால் போதும் என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது, ஆனால் கூட வந்தவர் கண்ணைக் காட்டி என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இப்போதெல்லாம் எந்தப் புரோகிராமை முடித்தாலும், அது ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கி ஆணியில் மாட்டிவிட்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். அதற்காகவே மாடிச் சுவரில் ஓர் ஆணி அடித்தேன். முதலாளி பார்த்துவிட்டு, "சாமி படமுங்களா மாட்டப் போறீங்க?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

அடுத்த ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் போன் வந்தது. "அக்கா, இங்கிட்டு நல்ல இடி. புடுங்கிட்டு இப்பத்தேன் திரும்பச் சொருகுனேன். வருதான்னு பாருங்க."

தோட்டத்து ஆபீஸ் கம்ப்யூட்டரை என் திரையில் திறந்து பார்த்தேன். நாற்பது நிமிடத்து அளவுகள் வந்து சேர்ந்திருந்தன, ஒன்றும் விடுபடவில்லை. "எல்லாம் வருதுங்க. லைட்டு?"

"எரியுது. அணையவே இல்ல."

"அப்பறம் என்னங்க?"

"அப்ப நான் கொஞ்சம் ஒக்காருறேன் அக்கா," என்றார். சிமெண்ட் தரையில் ஸ்டூலை இழுத்துப் போடுகிற சத்தம் போனில் கேட்டது.